தமிழர் கடல்கடந்த புலம்பெயர்வுக்கான காரணங்கள்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் இரண்டாம் உலகப் போர் வரையிலான காலத்தில், சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையான மக்கள் இலங்கை, மலாயா, பர்மா, மொரிசியஸ், நாட்டால் (தென்னாப்பிரிக்கா), ரீயூனியன், பிஜி, மேற்கிந்தியத் தீவுகள் முதலிய இடங்களுக்குத் தொழிலாளராகச் சென்றனர். இப்பெயர்வுக்கான பொருளாதார, சமூக, அரசியல் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. வணிகர்களும் படித்த வகுப்பினரும் இக்காலத்தில் வெளிநாடு சென்றனர் எனினும், சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமற்ற உழவுத் தொழிலாளரே ஆவர்.

பஞ்சமும் வறுமையுமே இப்புலம்பெயர்வுக்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. இது ஓரளவே உண்மையாகும். வறுமை நெடுங்காலமாக நிலவியது. பஞ்சங்களும் முன்னர் பலமுறை ஏற்பட்டன. ஆனால் மக்கள் எந்த ஆண்டில், எந்த நாட்டிற்கு, எத்தனை பேர் சென்றனர் என்பதைத் தோட்ட முதலாளிகளின் ஆள் தேவையும், அதற்கு வழி திறந்துவிட்ட சட்டங்களும், ஊர்தோறும் ஆள் சேர்த்த தரகர்களுமே தீர்மானித்தனர். ஆகவே இப்பெயர்வின் காரணங்களை, ஊரைவிட்டு வெளியேறத் தூண்டியவை, வெளிநாட்டில் ஈர்த்தவை, இவ்விரண்டையும் இணைத்தவை என மூன்றாகப் பிரித்துக் காண்பது பொருத்தமாகும்.

பின்னணி

தமிழர்கள் கடல் கடந்து செல்வது 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியதன்று. சோழர் காலத்தில் தமிழ் வணிகக் குழுக்கள் தென்கிழக்காசியாவில் இயங்கின. சுமாத்திராவின் பாருஸ் என்னுமிடத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் இருப்பைக் காட்டுகிறது. பிற்காலத்தில் சோழமண்டலக் கரையின் முசுலிம் வணிகர்கள் மலாக்கா, பினாங்கு, அச்சே ஆகிய இடங்களுடன் தொடர்ந்து வணிகம் செய்தனர். இவ்வாறு சென்றவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள். தம் சொந்த முதலுடன் தம் விருப்பப்படி சென்றவர்கள்.

19ஆம் நூற்றாண்டுப் பெயர்வு இதனின்றும் முற்றிலும் வேறுபட்டது. இதில் சென்றவர்கள் முதல் உடையவர்கள் அல்லர். அவர்களுடைய உழைப்பே வணிகப் பொருளாயிற்று. பயணச் செலவை வேறொருவர் ஏற்றார். அச்செலவே அவர்கள் மீதான கடனாகவும் மாறியது.

வெளியேறத் தூண்டிய காரணங்கள்

நிலமின்மை

தமிழ் மாவட்டங்களின் ஏரிப்பாசன, ஆற்றுப்பாசனப் பகுதிகளில் நிலத்தின் மீதான உரிமை ஒரு சில குடும்பங்களிடம் இருந்தது. தொண்டைமண்டலத்தில் இவ்வுரிமை காணியாட்சி அல்லது மிராசு எனப்பட்டது. மிராசுதாரர்களில் பெரும்பாலோர் வேளாளரும் பிராமணரும் ஆவர். அவர்களுக்குக் கீழே பாயக்காரிகள் எனப்பட்ட குத்தகைக் குடிகளும், அனைவருக்கும் கீழே நிலத்தில் உழைத்த பறையர், பள்ளர் முதலிய வகுப்பினரும் இருந்தனர்.

சர் தாமஸ் மன்றோவின் பெயருடன் இணைத்துப் பேசப்படும் இரயத்துவாரி முறை 1820களில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. இம்முறையில் பட்டாதாரர் ஒவ்வொருவரும் அரசுக்கு நேரடியாக வரி செலுத்த வேண்டும். வரி பணமாக வாங்கப்பட்டது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் சிறு உழவர்கள் கடன் வாங்கி வரி கட்டினர். கடன் முற்றியபோது நிலத்தை இழந்தனர். உழைத்து வந்த அடித்தட்டு மக்களுக்கோ இம்முறையால் புதிதாக நிலம் கிடைக்கவில்லை.

பண்ணையாள் முறையும் கடனும்

நிலமற்ற தொழிலாளர்கள் பண்ணையாள், படியாள் என்னும் பெயர்களில் குறிப்பிட்ட மிராசுதாரருக்கு வழிவழியாகக் கட்டுப்பட்டிருந்தனர். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பைப் பிரித்தானிய இந்தியாவில் நீக்கியது. எனினும் திருமணம், சாவு, நோய் ஆகியவற்றிற்காக வாங்கிய முன்பணம் அடிமை ஓலையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கடன் தீரும்வரை வேறிடம் போக முடியாது. கூலி நெல்லாக அளக்கப்பட்டதால் கடனைத் தீர்க்கக் கையில் காசும் சேராது. வேலை ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளரைத் தண்டிக்க வகைசெய்த 1859ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய முன்பணக் கட்டுக்கு மேலும் வலுவூட்டியது. இச்சட்டம் 1925ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது.

வெளிநாட்டுத் தோட்டத்திற்கு ஆள் சேர்க்க வந்த கங்காணி, பல வேளைகளில் இப்பழைய கடனை அடைப்பதற்கான பணத்தைக் கொடுத்தே ஆளை அழைத்துச் சென்றார். தொழிலாளிக்கு இது விடுதலையாகத் தோன்றியது. உண்மையில் கடன் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறியதே நிகழ்ந்தது.

சாதி ஒடுக்குமுறை

தீண்டாமை, பொதுக் கிணற்றையும் தெருவையும் பயன்படுத்தத் தடை, மனையின் மீதும் உரிமையின்மை ஆகியன கூலிக் குறைவுக்கு இணையான காரணங்களாகும். சேரி அமைந்திருந்த நிலமே மிராசுதாரருக்கு உரியது எனக் கருதப்பட்ட ஊர்களில், கூலி உயர்வு கேட்டவரைக் குடிசையிலிருந்தே வெளியேற்ற முடிந்தது. கடல் தாண்டினால் சாதியை இழக்க நேரிடும் என்ற அச்சம் மேல்சாதியினரைத் தடுத்தது. இழப்பதற்கு அத்தகைய மேன்மை எதுவும் இல்லாதோரை அந்த அச்சம் அதே அளவில் தடுக்கவில்லை. எனினும் வன்னியர், கள்ளர், அகம்படியர், வேளாளர் உள்ளிட்ட பிற வகுப்பினரும் கணிசமாகச் சென்றுள்ளனர். ஆகவே இதை ஒரு வகுப்பாரின் பெயர்வு எனக் கொள்ளுதல் தவறாகும்.

பஞ்சங்கள்

சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட பஞ்சங்களுள் மிகக் கொடியது 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சமாகும். தாது ஆண்டில் தொடங்கியதால் இது தாது வருடப் பஞ்சம் எனப்படுகிறது. இப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென வரையறுத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1877ஆம் ஆண்டில் இவ்வளவு சற்று உயர்த்தப்பட்டது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்ப் பகுதி இப்பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று.

இப்பஞ்ச ஆண்டுகளில் இலங்கைக்கும் பிற குடியேற்ற நாடுகளுக்கும் சென்றோர் தொகை பெருகியது. ஆயினும் பஞ்சம் மட்டுமே மக்களைக் கப்பலேற்றவில்லை என்பதற்கு நாட்டாலின் வரலாறு சான்றாகும். அங்கு 1866இல் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியால் இந்தியத் தொழிலாளர் வரவு நின்றது. 1874ஆம் ஆண்டு வரை அது மீண்டும் தொடங்கப்படவில்லை. அந்த எட்டு ஆண்டுகளில் தமிழ்நாட்டு உழவுத் தொழிலாளியின் நிலை மேம்பட்டுவிடவில்லை. ஆள் தேவைப்படாததால் வழி மூடப்பட்டிருந்தது, அவ்வளவே.

கைத்தொழில்களின் நலிவு

18ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் உலகெங்கும் விற்பனையாயின. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி வரவால் ஏற்றுமதி குன்றியது. நெசவாளர், நூல் நூற்போர், சாயமிடுவோர் ஆகியோரில் ஒரு பகுதியினர் உழவுக் கூலிகளாயினர். ஏற்கனவே ஆட்கள் மிகுந்திருந்த உழவுத் தொழிலில் இது மேலும் நெருக்கடியை உண்டாக்கியது.

ஈர்த்த காரணங்கள்

அடிமை ஒழிப்பும் கரும்புத் தோட்டங்களும்

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்டு 1 முதல் செயற்படத் தொடங்கியது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களில் பலர் கரும்புத் தோட்டங்களில் தொடர்ந்து உழைக்க விரும்பவில்லை. எனவே தோட்ட முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினர். 1834 நவம்பர் 2ஆம் நாள் 36 இந்தியத் தொழிலாளருடன் அட்லஸ் என்னும் கப்பல் மொரிசியசை அடைந்தது. அடுத்த முக்கால் நூற்றாண்டில் அத்தீவுக்குச் சுமார் நான்கரை இலட்சம் இந்தியர் சென்றனர். அவர்களில் கணிசமானோர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்றவர்கள்.

நாட்டாலுக்கான முதற் கப்பலான துரூரோ 1860 அக்டோபர் 12ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. 1911ஆம் ஆண்டு வரை மொத்தம் 1,52,184 பேர் நாட்டாலுக்கு ஒப்பந்தத்தில் சென்றனர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றவர்கள். முதலாம் ஆண்டில் மாதம் பத்து சில்லிங்கு கூலியும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு சில்லிங்கு உயர்வும், உணவும் உறைவிடமும் தரப்படும் என்பது ஒப்பந்தம். நெல்லாகவே கூலி பெற்றுவந்தவருக்கு, மாதந்தோறும் கைக்கு வரும் பணம் பெரிய ஈர்ப்பாக இருந்தது.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. அதன் பின்னர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்குத் தமிழர்கள் அனுப்பப்பட்டனர். மார்ட்டினிக்கை முதற் கப்பல் 1853இலும், குவாதலூப்பை 1854இலும் அடைந்தது.

இலங்கையின் காப்பியும் தேயிலையும்

இலங்கையின் மலைநாட்டில் 1830களிலிருந்து காப்பித் தோட்டங்கள் பெருகின. கண்டி உழவர்கள் சொந்த நிலத்தை விட்டுக் கூலிக்கு வர முன்வரவில்லை. எனவே இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் பகுதிகளிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து சென்ற பயணத்தில் வாந்திபேதியாலும் பசியாலும் பலர் மாண்டனர்.

காப்பி பருவகாலப் பயிர் ஆதலால் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் தேவை. கொழுந்து பறிக்கப் பெண்கள் தேவை. ஆகவே குடும்பங்களாகச் சென்று தங்கும் வழக்கம் வலுப்பெற்றது. பயிர் மாறியதால் புலம்பெயர்வின் தன்மையே மாறியதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

மலாயாவின் இரப்பர்

மலாயாவில் தொடக்கத்தில் பினாங்கு, வெல்லெஸ்லி மாநிலம் ஆகிய பகுதிகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் சென்றனர். 1888இல் காற்றடைத்த சக்கர உறை அறிமுகமானதும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டித் தொழில் வளர்ந்ததும் இரப்பருக்குப் பெருந்தேவையை உண்டாக்கின. 1907இல் மலாயாவில் தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. ஆள் வைத்திருந்த எல்லாத் தோட்டங்களும் இதற்குப் பணம் செலுத்தின. இதிலிருந்து தொழிலாளரின் பயணச் செலவு வழங்கப்பட்டது. இதன் பின்னர் பயணம் இலவசமாயிற்று. செல்வோர் தொகையும் விரைந்து உயர்ந்தது.

பர்மா

கீழ்ப் பர்மா 1852இல் பிரித்தானியர் வசமாயிற்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்ட பின் ஐராவதிக் கழிமுகத்தில் நெற்சாகுபடி பெருகியது. அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் வயல்களிலும் தமிழரும் தெலுங்கரும் பணிபுரிந்தனர். இங்கு ஆட்களைத் திரட்டியவர் மேஸ்திரி எனப்பட்டார். நாட்டுக்கோட்டை நகரத்தார் நெல் உழவர்களுக்குக் கடன் வழங்கினர்.

இணைத்த காரணங்கள்: ஆள் சேர்க்கும் முறைகள்

ஒப்பந்தக் கூலி முறை

மொரிசியஸ், நாட்டால், பிஜி, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய தொலைவான இடங்களுக்கு இம்முறை பின்பற்றப்பட்டது. தொழிலாளி பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தார். அக்காலத்தில் முதலாளியை மாற்றவோ, இசைவின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறவோ முடியாது. வேலைக்கு வராமை குற்றமாகக் கருதப்பட்டுச் சிறைத் தண்டனைக்கு உரியதாயிற்று. உரிமம் பெற்ற தரகர்கள் சந்தைகளிலும் சத்திரங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் ஆட்களைத் தேடினர். திரட்டிய ஒவ்வோர் ஆளுக்கும் அவர்களுக்குத் தரகு கிடைத்தது. ஆகவே தொலைவையும் வேலையின் கடுமையையும் மறைத்துப் பேசுவது அவர்களுக்கு இலாபமாக இருந்தது.

கங்காணி முறை

இலங்கைக்கும் மலாயாவுக்கும் இம்முறை பெரிதும் பயன்பட்டது. தோட்டத்தில் ஏற்கனவே வேலை செய்யும் ஒருவர், தோட்டத் துரையிடம் முன்பணம் பெற்றுத் தம் சொந்த ஊருக்கு வந்து, உறவினரையும் ஊராரையும் அழைத்துச் செல்வார். அவரே கங்காணி. இலங்கையில் பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். நல்ல வேட்டியும் கையில் காசுமாக ஊர் திரும்பிய கங்காணியே, எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு முதன்மையான விளம்பரமாக விளங்கினார்.

அறிமுகமானவர் அழைத்ததால் மக்கள் நம்பிச் சென்றனர். ஆனால் அழைத்தவரே கடன் கொடுத்தவராகவும் மேற்பார்வையாளராகவும் இருந்ததால் அவரை எதிர்க்க இயலவில்லை. இலங்கையில் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்திற்குச் செல்ல, அவருடைய கடன் தொகை குறிக்கப்பட்ட துண்டு தேவைப்பட்டது. அக்கடனை ஏற்கும் தோட்டமே அவரைச் சேர்த்துக்கொள்ளும். இத்துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

அரசின் பங்கு

தொழிலாளரை அனுப்பிய இந்திய அரசும், அவர்களைப் பெற்ற பெரும்பாலான குடியேற்ற அரசுகளும் இலண்டனின் ஆட்சிக்கு உட்பட்டவையாகவே இருந்தன. முறைகேடுகள் குறித்த கண்டனத்தால் 1839இல் ஒப்பந்தப் புலம்பெயர்வு தடைசெய்யப்பட்டது. தோட்ட முதலாளிகளின் வற்புறுத்தலால் 1842இல் மொரிசியசுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய துறைமுகங்களில் புலம்பெயர்வோர் பாதுகாவலர் என்னும் அதிகாரி அமர்த்தப்பட்டார். செல்வோர் அவர் முன்னிலையில் தம் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சோதனைக்கும் உட்பட வேண்டும். ஏட்டில் இருந்த இப்பாதுகாப்பு, பல ஆயிரம் கல் தொலைவில் இருந்த தோட்டத்தில் நடந்ததைக் கட்டுப்படுத்தப் போதுமானதாக இல்லை.

செங்கல்பட்டு மாவட்டமும் குன்றத்தூர்ப் பகுதியும்

நாட்டாலுக்கும் மலாயாவுக்கும் தொழிலாளரை அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆற்காட்டுடன் செங்கல்பட்டும் குறிப்பிடத்தக்கது. சேக்கிழார் பிறந்த ஊரான குன்றத்தூரும், தாம்பரம், பல்லாவரம், பூந்தமல்லி முதலிய சுற்றூர்களும் அக்காலத்தில் இம்மாவட்டத்தைச் சேர்ந்த உழவூர்களாகும். இன்று குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. மேற்கூறிய காரணங்கள் பலவும் இப்பகுதியில் ஒருங்கே காணப்பட்டன.

செங்கல்பட்டு 1763இல் ஆற்காட்டு நவாபால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராக வழங்கப்பட்ட பகுதியாகும். 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பால் இங்குள்ள பல ஊர்கள் பாழாயின. இம்மாவட்டத்தில் உழவு பெரும்பாலும் ஏரிகளை நம்பியிருந்தது. குன்றத்தூருக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி அவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிடில் நடவும் இல்லை, கூலியும் இல்லை.

1891இல் மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். நிலமின்மை, மனையுரிமையின்மை, கடன்கட்டு ஆகியவற்றை அது விரிவாக எடுத்துரைத்தது. இதன் தொடர்ச்சியாக 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தரிசு நிலம் வழங்க ஆணை பிறந்தது. பிற வகுப்பாருக்கு விற்க முடியாதவாறு நிபந்தனையுடன் வழங்கப்பட்ட இந்நிலங்களே பின்னர் பஞ்சமி நிலங்கள் எனப்பட்டன. மக்களை ஊரிலிருந்து விரட்டிய காரணங்கள் எவை என்பதற்கு, அரசே முன்வைத்த இத்தீர்வு மறைமுகச் சான்றாக விளங்குகிறது.

துறைமுகத்தின் அண்மையும் ஒரு காரணமாகும். குன்றத்தூரிலிருந்து சென்னைத் துறைமுகம் ஒரு நாள் நடைத் தொலைவே. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரையிலான இருப்புப்பாதை 1856இல் திறக்கப்பட்டது. அப்பாதையில் உள்ள ஆவடியில், 20ஆம் நூற்றாண்டில் மலாயா செல்வோருக்கான தங்கல் முகாம் இயங்கியது. நாகப்பட்டினத்தில் இத்தகைய மற்றொரு முகாமும், இலங்கை செல்வோருக்காக மண்டபத்தில் ஒரு முகாமும் இருந்தன.

கூலிகளாக அன்றியும் இம்மாவட்டத்தினர் சென்றனர். செங்கல்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். பின்னர் இந்தியா திரும்பி, இலண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோர் சார்பில் கலந்துகொண்டார்.

பெண்களின் புலம்பெயர்வு

ஒப்பந்த முறையில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்னும் விகிதம் வலியுறுத்தப்பட்டது. இவ்விகிதத்தை நிறைவுசெய்யத் தரகர்கள் கைம்பெண்களையும் கணவரால் கைவிடப்பட்டோரையும் தேடினர். ஊரில் வாழ வழியற்ற இப்பெண்களுக்குப் புலம்பெயர்வு ஒரு தப்பும் வழியாகவும் இருந்தது. ஆனால் தோட்டங்களில் அவர்கள் குறைந்த கூலியையும் பாலியல் கொடுமைகளையும் எதிர்கொண்டனர். பிஜித் தீவில் இந்தியப் பெண்கள் பட்ட துன்பத்தைச் சுப்பிரமணிய பாரதியார் பாடியுள்ளார்.

விருப்பமா, கட்டாயமா?

இப்புலம்பெயர்வின் தன்மை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிரித்தானிய அமைச்சர் ஜான் ரசல் 1840ஆம் ஆண்டிலேயே, இது புதியதோர் அடிமைமுறையாக மாறக்கூடும் என அஞ்சினார். அக்கருத்தையே தலைப்பாகக் கொண்டு வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர் 1974இல் நூல் எழுதினார். ஏமாற்றுதல், சிறைத் தண்டனை, கப்பல் சாவுகள் ஆகியவற்றை இத்தரப்பினர் சுட்டுகின்றனர். மறுதரப்பினரோ, பண்ணையடிமை நிலையிலிருந்து விடுபட மக்கள் தாமே எடுத்த முடிவையும், ஒரு முறை திரும்பியோர் மீண்டும் சென்றதையும், பணம் சேர்த்து நிலம் வாங்கியோரையும் எடுத்துக்காட்டுகின்றனர்.

இவ்விரு கருத்துகளும் முற்றிலும் முரண்பட்டவை அல்ல. புறப்பட்டது பலருக்குச் சொந்த முடிவே. ஆனால் அம்முடிவுக்கு வேறு வழிகள் மிகக் குறைவாகவே இருந்தன. தஞ்சாவூர் மிராசுதாரர்கள் ஆள் பற்றாக்குறையைக் காட்டிப் புலம்பெயர்வை எதிர்த்தனர் என்பது, சென்றோருக்கு அது ஓரளவேனும் பேரம் பேசும் வலிமையைத் தந்ததை உணர்த்துகிறது. மேலும், சென்றவர்கள் அனைவரும் அங்கேயே தங்கிவிடவில்லை. மக்கள்தொகை அறிஞர் கிங்ஸ்லி டேவிஸ் 1951இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1834 முதல் 1937 வரை இந்தியாவிலிருந்து சுமார் 3 கோடிப் பேர் வெளியேறினர். சுமார் 2.4 கோடிப் பேர் திரும்பினர்.

சப்பானியப் புலம்பெயர்வுடன் ஒப்பீடு

இதே காலத்தில் சப்பானியரும் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளராகச் சென்றனர். 1873ஆம் ஆண்டு நிலவரிச் சீர்திருத்தத்தால் வரி பணமாக வாங்கப்பட்டதும், 1880களின் விலை வீழ்ச்சியும் அங்குள்ள சிறு உழவர்களைக் கடனில் ஆழ்த்தின. 1885 முதல் 1894 வரை ஹவாய்க்கு அரசு ஒப்பந்தத்தின் கீழ்ச் சுமார் 29,000 பேர் சென்றனர். 1908இல் கசாத்தோ மாரு என்னும் கப்பல் 781 பேருடன் பிரேசிலை அடைந்தது. அங்கும் அடிமைமுறை 1888இல் ஒழிந்திருந்தது.

பணவரி, கடன், அடிமை ஒழிப்பால் ஏற்பட்ட ஆள் தேவை ஆகியவை இருவருக்கும் பொதுவான காரணங்கள். முதன்மையான வேறுபாடு அரசில் உள்ளது. சப்பானியத் தொழிலாளிக்காகப் பேசத் தன்னாட்சி பெற்ற அரசு ஒன்று இருந்தது. தமிழ்த் தொழிலாளிக்கோ, அனுப்பியதும் பெற்றதும் ஒரே பேரரசாக இருந்தது.

முறையின் முடிவு

1894இல் டர்பனில் முதலாளியால் தாக்கப்பட்டுப் பல் உடைந்த பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, காந்தியடிகளிடம் உதவி நாடி வந்தார். இந்நிகழ்வு ஒப்பந்தத் தொழிலாளருடன் காந்திக்கு நெருங்கிய தொடர்பை ஏற்படுத்தியது. ஒப்பந்தம் முடிந்தபின் நாட்டாலிலேயே தங்குவோர் மீது 1895இல் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1913இல் இதை எதிர்த்து நிலக்கரிச் சுரங்க, கரும்புத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதே போராட்டத்தில் சிறைசென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் காலமானார். அவ்வாண்டிலேயே வரி நீக்கப்பட்டது.

நாட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1911இல் நின்றது. ஒப்பந்த முறையை ஒழிக்கக் கோகலே 1912இல் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. மாளவியா 1916இல் கொண்டுவந்த தீர்மானத்தை அரசு ஏற்றது. 1917இல் ஒப்பந்தப் புலம்பெயர்வு நிறுத்தப்பட்டது. பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 சனவரி 1ஆம் நாள் நீக்கப்பட்டன. 1922ஆம் ஆண்டு இந்தியப் புலம்பெயர்வுச் சட்டம், பயிற்சியற்ற தொழிலாளரை அனுப்புவதை அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது மலாயாவிலிருந்து பெருந்தொகையானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். உதவி பெற்ற தொழிலாளர் மலாயா செல்வதை 1938இலும், தொழிலாளர் இலங்கை செல்வதை 1939இலும் இந்திய அரசு தடைசெய்தது.

விளைவுகள்

ஆள் தேவைக்காக அழைக்கப்பட்டவர்கள், தேவை மாறியபோது அந்நியர்களாகக் கருதப்பட்டனர். 1942இல் சப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து இந்தியர்கள் கால்நடையாக வெளியேறினர். பலர் வழியிலேயே இறந்தனர். இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாத்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சமமாகப் பகிரப்பட்டனர். தாயகம் திரும்பியோருக்கு வேலையளிக்க நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் தீர்வு கண்டது.

நாட்டாலுக்குச் சென்ற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. கப்பல் பதிவேடுகளில் அவ்வெண்ணுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியன குறிக்கப்பட்டன. தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பலவாறு சிதைந்து எழுதப்பட்டுள்ளன. எனினும் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் தம் முன்னோரின் ஊரைக் கண்டறிய இப்பதிவேடுகளையே நாடுகின்றனர். அன்று ஆட்களை வெளியே அனுப்பிய செங்கல்பட்டுச் சீமையின் தாம்பரம், குன்றத்தூர், திருப்பெரும்புதூர்ப் பகுதிகள் இன்று தொழிற்சாலைகள் நிறைந்து, வட மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வந்து சேரும் இடங்களாக மாறியுள்ளன. அவர்களில் பலரும் தம் ஊர்க்காரரான ஒப்பந்தக்காரர் வழியாகவே வருகின்றனர் என்பது, மேற்கூறிய இணைக்கும் காரணங்களின் தொடர்ச்சியைக் காட்டுகிறது.

இவற்றையும் பார்க்க

ஒப்பந்தக் கூலி முறை
கங்காணி முறை
மலையகத் தமிழர்
தென்னாப்பிரிக்கத் தமிழர்
தாது வருடப் பஞ்சம்
பஞ்சமி நிலம்